டிக் ஸ்மித் (1922–2014): முதுமையை வார்த்த கைகள்

1945-இல் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒப்பனையாளராக அமர்ந்து, பின்னர் திரைப்படத் துறையில் பிரவேசித்த டிக் ஸ்மித், முகம் முழுவதையும் ஒரே முகமூடியால் மூடிவிடும் பழைய வழக்கத்தை விடுத்து, நுரை ரப்பரில் வார்த்த சிறு சிறு துண்டுகளை இமை, கன்னம், கழுத்து என்று தனித்தனியே ஒட்டியமையால், நடிகரின் அதிசூட்சுமமான முகபாவமும் மறையாது வெளிப்பட்டது. 'லிட்டில் பிக் மேன்' (1970) படத்தில், முப்பதைச் சற்றே கடந்த டஸ்டின் ஹாஃப்மன் 121 வயது விருத்தராக அமர்ந்து கண் சிமிட்டியபோது, சுருக்கம் விழுந்த அந்த ரப்பர் இமைகளும் உடன் சிமிட்டின. 'அமேடியஸ்' (1984) ஆஸ்கர் விருதைத் தந்தது. ஆயினும் யாம் பெரிதும் போற்றுவது, தொழில் ரகசியங்களைப் பலரும் பொத்திக் காத்த காலத்தில், தம்மை நாடிய இளைஞர்க்கெல்லாம் தம் முறைகளைச் சிரத்தையோடு எடுத்துரைத்த அவரது ஔதாரியத்தையே. அவ்விதம் பயன்பெற்றவருள் ஒருவரான ரிக் பேக்கர், பிற்காலத்தில் ஏழு முறை ஆஸ்கர் பெற்றார்.