ஸ்கேன் நார்மல், ஸ்பாரிங் போகலாமா?

ஜப்பானியப் பள்ளிகளில் 1983-க்குப் பிந்தைய சுமார் முப்பது ஆண்டுகளில், ஜூடோ பயிற்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரிழந்தார்கள். சமூகவியலாளர் ரியோ உச்சிதா விபத்துப் பதிவுகளைத் திரட்டி இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். தலைக்காயமே முக்கியக் காரணம். இறந்தவர்களில் பலர் ஜூடோவுக்குப் புதியவர்கள். சிலர் முந்தைய அடியின் தலைவலி தீராமலே மறுபடி பயிற்சிக்கு இறங்கியவர்கள். 2012-இல் அங்கே பள்ளிகளில் தற்காப்புக் கலை கட்டாயப் பாடமானபோது பெற்றோர் கலங்கியதில் வியப்பில்லை.

கராத்தே, டேக்வாண்டோ, சிலம்பம் என்று பிள்ளைகளை அனுப்பும் நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். கால் எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டிவிடும். மாவுக்கட்டு பிரிக்கும்வரை மாஸ்டரும் கூப்பிடமாட்டார். ஆனால் தலையில் அடிபட்டு வரும் மூளையதிர்வு பெரும்பாலும் சி.டி. ஸ்கேனில் தெரியாது. ரத்தக்கசிவு, எலும்பு முறிவு இரண்டையும்தான் அந்த ஸ்கேன் முக்கியமாகத் தேடுகிறது. ‘நார்மல்’ என்றால் உயிருக்கு உடனடி ஆபத்து தென்படவில்லை என்று பொருள். அதையே ஸ்பாரிங்குக்கு, அதாவது எதிராளியோடு மோதும் பயிற்சிக்கு, அனுமதியாக எடுத்துக்கொள்வது பெரிய தவறு.

உள்ளே நடப்பது இதுதான். உதை பட்ட வேகத்தில் தலை சட்டென்று திரும்ப, மூளையின் நரம்பிழைகள் இழுபடுகின்றன. செல்லுக்குள் இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியே கசிகிறது. கால்சியம் உள்ளே பாய்கிறது. எல்லாவற்றையும் பழைய இடத்தில் சேர்க்க செல்கள் குளுக்கோஸை அள்ளி எரிக்கின்றன. அதே சமயம் மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ குறைகிறது. செலவு கூடி வரவு குறைந்த வீடு மாதிரி, அந்த நாட்களில் மூளை இன்னோர் அடியைத் தாங்காது. அப்போது மறுபடி அடிபட்டு, மூளை வீங்கி இளைஞர்கள் இறந்த நிகழ்வுகளை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அரிதுதான், ஆனால் சிகிச்சைக்கு நேரமே தராது. ஹெட்கார்டு புருவம் கிழியாமல் காக்கும், தலை சுழல்வதைத் தடுக்காது.

அப்படியானால் அனுமதி எப்போது? 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய மூளையதிர்வு நிபுணர்கள் ஆறு படிகளை வகுத்தார்கள். முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. இருட்டறையில் முடங்க வேண்டாம், வீட்டுக்குள் நடமாடலாம். செல்போனை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். பிறகு நடை, சைக்கிள் போன்ற உடற்பயிற்சி. முதலில் இதயத்துடிப்பு உச்ச அளவில் 55 சதவீதம்வரை, அடுத்து 70 சதவீதம்வரை. மூன்றாம் படியில் யாரோடும் மோதாமல் தனியாகக் கட்டா, காலடிப் பயிற்சி. தலையில் அடிபட வாய்ப்புள்ள எதையும் அதற்குள் செய்யக்கூடாது. அறிகுறிகள் முழுதும் நின்று, உடம்பை வருத்திய பிறகும் திரும்பாமல் இருந்தால்தான் நான்காம் படி. முழு ஸ்பாரிங் ஐந்தாவது, போட்டி ஆறாவது. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். மாணவர் என்றால் பள்ளிப் பாடத்துக்கு முழுமையாகத் திரும்பியிருக்க வேண்டும்.

உலக டேக்வாண்டோ அமைப்பின் விதியும் கறாரானது: தலையில் அடிபட்டு நாக்கவுட் ஆனவர் 30 நாட்கள் போட்டியிட முடியாது. அதன்பிறகும் மருத்துவர் சான்று தரவேண்டும்.

உட்காரவைத்து நாடி பிடித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட சான்று போதாது. சமநிலை, நினைவாற்றல், கண்ணசைவு, கழுத்து எல்லாம் சோதிக்கப்பட வேண்டும். இதில் பலவீனமான கண்ணி பிள்ளையின் வாய்தான். பெல்ட் தேர்வோ மாவட்டப் போட்டியோ நெருங்கினால் தலைவலியை மறைத்துவிடுவான். ஆகவே தூக்கம், எரிச்சல், படிப்பில் தடுமாற்றம் பற்றிப் பெற்றோரே மருத்துவரிடம் சொல்லுங்கள். தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, குழறல், எழுப்ப முடியாத தூக்கம் வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாஸ்டர்களே, மருத்துவர் எழுத்தில் அனுமதிக்காமல் யாரையும் ஸ்பாரிங்குக்கு இறக்காதீர்கள்.