கடல் ஏறினால் மொழி எங்கே போகும்?

கடல் மட்டம் உயர்ந்தால் நிலம் போகும், வீடு போகும். மொழி போகுமா? போகும் என்கிறேன் நான். எப்படி என்று பார்ப்போமா?

பசிபிக் கடலில் துவாலு என்று ஒரு நாடு. மொத்த நிலமே 26 சதுர கிலோமீட்டர்தான். ஜனத்தொகை சுமார் 11 ஆயிரம். சிவில் பிரிவில் லெவல் எடுத்துப் பழகிய எனக்குத் திகைப்பாக இருந்தது: அந்த நாட்டின் மிக உயரமான இடம்கூட கடல் மட்டத்துக்கு மேல் 5 மீட்டரைத் தாண்டாது!

கடல் ஏன் ஏறுகிறது? சூடானால் திரவம் விரியும் என்று முதலாண்டு இயற்பியலில் படித்தோமே, அது ஒரு காரணம். நிலத்தின் மேலுள்ள பனி உருகிக் கடலில் சேர்வது மற்றொன்று.

துவாலு மக்கள் ஆழமாகக் குழி தோண்டி, அடியில் ஊறும் நல்ல தண்ணீரில் 'புலாகா' என்ற ஒருவகைச் சேப்பங்கிழங்கைப் பயிரிடுவார்கள். குழியில் உப்புநீர் ஏறினால் பயிர் போச்சு. பயிர் போனால் அதன் ரகம், நடவு, பக்குவம் பற்றிய சொற்களுக்கும் வேலை இல்லை. அரிசியும் மாவும் கப்பலில் வந்து இறங்கும். பாட்டிக்குத் தெரிந்த சொல் பேத்திக்கு எதற்கு?

அடுத்தது இடம்பெயர்தல். ஆஸ்திரேலியாவோடு 2023-ல் போட்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர் அங்கே குடியேறலாம். 2025-ல் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தாரையும் சேர்த்து 8,750 பேர் பதிந்தார்கள்! அவர்களைக் குறை சொல்ல முடியுமா? பிள்ளைகளின் படிப்பு, பிழைப்பு, பாதுகாப்பு எல்லாம் பார்க்க வேண்டாமா? ஆனால் பள்ளியிலும் கடையிலும் மைதானத்திலும் ஆங்கிலம் என்றானபின், வீட்டுக்குள் மட்டும் ஒரு மொழி எத்தனை தலைமுறை தாங்கும்? மற்ற மொழிக்காரர்கள் வெளிநாடு போனாலும் ஊரில் பேச ஆள் இருக்கும். இங்கே ஊருக்கே அல்லவா ஆபத்து!

அவர்களும் சும்மா இல்லை. நியூசிலாந்தில் குடியேறியவர்கள் ஆண்டுதோறும் துவாலு மொழி வாரம் கொண்டாடுகிறார்கள். தலைநகர் ஃபுனாஃபுட்டியில் கடலோரம் மணல் நிரப்பி, சுமார் 7 ஹெக்டேர் புது நிலத்தை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள்.

'துவாலு' என்றால் 'எட்டும் சேர்ந்து நிற்பது' என்று பொருள். ஆதியில் மக்கள் குடியிருந்த எட்டுத் தீவுகளைக் குறிக்கும் பெயர். சேர்ந்து நிற்கக் காலடியில் மண் வேண்டும். நாளைக்கு நம்மில் யாராவது கடலோரத்தில் ஒரு தடுப்புச்சுவருக்கு எஸ்டிமேட் போட உட்காரலாம். காக்க வேண்டியவை பட்டியலில் வீடு, ரோடு, கிணறு வரும். அந்த ஊர்ப் பேச்சு வராது. அதையும் மனசில் வைத்துக் கணக்குப் போடுவோம்.