கூட்டுக் கிணற்றுத் தகராறும் மக்கள் நீதிமன்றமும்

பங்காளிகள் நால்வருக்குப் பொதுவான கிணற்றில் ஒருவர் மோட்டார் அறையைப் பூட்டிவிட்டால், மற்ற மூவரின் பயிரும் சில நாட்களில் வாடிவிடும். உரிமையியல் வழக்கோ ஆண்டுக்கணக்கில் நீளும். தீர்ப்பு வரும்வரை பயிர் காத்திருக்காது. இத்தகைய தகராறுகளை விரைவில், செலவின்றித் தீர்த்துக்கொள்ள உழவர் பெருமக்களுக்கு உள்ள வழி மக்கள் நீதிமன்றமாகும்.

1987ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. பாதை, வாய்க்கால், வரப்பு, பாகப்பிரிவினை, கடன் ஆகிய தகராறுகளை இதன்கீழ் கொண்டு செல்லலாம். வழக்குத் தொடுக்கும் முன்பே மனுச் செய்யலாம். நிலுவையில் உள்ள வழக்கையும் மாற்றிக் கேட்கலாம். கட்டணம் இல்லை. முன்பு கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்கறிஞரைக் கேட்டுப் பெறலாம்.

இது கட்டப் பஞ்சாயத்து அன்று. கட்டப் பஞ்சாயத்துகள் சட்டவிரோதமானவை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் கண்டித்துள்ளது. அங்கே ஊர்ப் பெரியவர் சொல்வதே முடிவு. மக்கள் நீதிமன்றத்திலோ இரு தரப்பும் மனமொப்பினால்தான் முடிவு. உங்கள் மீது எதையும் திணிக்க முடியாது. ஒத்துவராவிட்டால் வழக்கு மீண்டும் நீதிமன்றத்துக்கே போகும்.

ஆனால் கையெழுத்திட்டபின் மேல்முறையீடு கிடையாது. அந்த உத்தரவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். மறுதரப்பு மீறினால் அதைக் கொண்டே நிறைவேற்றல் மனுப் போடலாம். ஆகவே சமரச வாசகத்தில்தான் முழுக் கவனமும் தேவை. "கிணற்றை அனைவரும் பொதுவாக அனுபவிக்க வேண்டியது" என்று மட்டும் எழுதினால் அடுத்த கோடையிலேயே சண்டை மூளும். எந்தக் கிழமை யாருடைய முறை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மின்சாரம் நின்றுபோன நேரத்தை எப்படி ஈடுசெய்வது, மோட்டார் பழுதுக்கும் தூர் எடுக்கவும் யார் எவ்வளவு தருவது, சாவி யாரிடம் இருப்பது ஆகிய அனைத்தையும் எழுதச் சொல்லுங்கள். பாதை என்றால் சர்வே எண், அகலம், எந்த வரப்பை ஒட்டி என்பதும் வேண்டும். முழுவதையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபிறகே கையெழுத்திடுங்கள்.

எல்லாவற்றையும் சமரசம் பேசக் கூடாது. தாழ்த்தப்பட்ட ஒருவரைப் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவிடாமல் தடுப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இது மக்கள் நீதிமன்றத்துக்கு உரியதன்று. "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் கேளாமல் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

மனுவை வெள்ளைத்தாளில் எழுதி, பட்டா, பத்திரம், புலப்படம் ஆகியவற்றின் நகல்களுடன் நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப்பணிகள் குழுவிடம் கொடுக்கலாம். விவரம் கேட்க 15100 என்ற இலவசத் தொலைபேசி எண் உண்டு.