பெருங்கடல் முகப்புகளும் தாவர மிதவையுயிரிகளின் செங்குத்து நகர்வும்: அல்போரான் கடலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்
கடலின் ஒளிபடும் மேலடுக்கில் உருவாகும் கரிமம் ஆழத்தை அடைவது பெரிதும் துகள்கள் தம் எடையால் வீழ்வதனாலேயே என்று கரிமக் கணக்கீடுகள் கருதி வந்துள்ளன. வீழும் எடையற்ற நுண்ணிய தாவர மிதவையுயிரிகளும் பெருங்கடல் முகப்புகளில் நீரோடு சேர்ந்து ஆழத்திற்குக் கொண்டுசெல்லப்படுகின்றன என்பதையும், அதன் இயங்குமுறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பெருங்கடல் முகப்பு, தாவர மிதவையுயிரி, மேலெழுச்சி, அமிழ்வு, உயிரியல் எக்கி.

முன்னுரை
மேற்கு நடுநிலக்கடலில், ஸ்பெயினுக்கும் வட ஆப்பிரிக்கக் கரைக்கும் இடையே அல்போரான் கடல் அமைந்துள்ளது. ஜிப்ரால்டர் நீரிணை வழியே உட்புகும் அட்லாண்டிக் நீரின் உப்புத்தன்மை ஏறத்தாழ 36.5. ஆவியாதலால் செறிவுற்ற நடுநிலக்கடல் நீருக்கோ அது ஏறத்தாழ 38. ஆகவே முன்னது அடர்த்தி குறைந்தது. பின்னது அடர்த்தி மிகுந்தது. இவ்விரு நீர்த்திரள்களும் ஸ்பெயினின் அல்மேரியாவுக்கும் அல்ஜீரியாவின் ஓரானுக்கும் இடைப்பட்ட பகுதியில் எதிர்ப்பட்டுக் கூரிய எல்லை ஒன்றை உருவாக்குகின்றன. இதுவே அல்மேரியா–ஓரான் முகப்பு எனப்படுகிறது.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு இங்குத் தேவைப்படுகிறது. முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில், நார்வேயின் பெர்கன் நகரில் பணியாற்றிய வில்ஹெல்ம் பியெர்க்னெஸ் குழுவினர், வெப்பக் காற்றும் குளிர்காற்றும் எதிர்ப்படும் எல்லையைப் போர்முனையோடு ஒப்பிட்டுப் பெயரிட்டனர். அப்பெயரே பின்னர்க் கடலியலுக்கும் வந்தது. மூலப்பொருளை நோக்கின் தமிழில் ‘முனை’ என்பதே நெருக்கமான சொல். எனினும் குமரிமுனை போன்ற நிலமுனைகளோடு அது மயங்குமாதலின் ‘முகப்பு’ என்னும் சொல் இங்கு ஆளப்படுகிறது.

எடையால் வீழாத உயிரிகள்
ஊட்டம் குறைந்த வெப்பக் கடல்களில் புரோக்ளோரோகாக்கஸ், சினெக்கோகாக்கஸ் போன்ற மிகச்சிறு உயிரிகளே தாவர மிதவையுயிரிகளுள் மிகுதியாக உள்ளன. அவற்றின் விட்டம் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் அல்லது அதனினும் குறைவு. அத்தகைய கோளவடிவச் செல் ஒன்று சூழ்நீரைவிடக் கன மீட்டருக்கு 50 கிலோகிராம் கூடுதல் அடர்த்தி உடையது எனக் கொள்வோம். ஸ்டோக்ஸ் விதிப்படி அது நாளொன்றுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவே கீழிறங்கும். 100 மீட்டரைக் கடக்க நூறாண்டுக்கு மேலாகும். இச்செல்களோ ஓரிரு நாள்களில் இரண்டாகப் பிளப்பவை அல்லது பிற நுண்ணுயிரிகளுக்கு இரையாகுபவை. எனவே, பெருந்துகள்களோடு ஒட்டிக்கொண்டாலன்றி இவை ஆழத்தை அடைவதில்லை என்று எண்ணப்பட்டதில் வியப்பில்லை. செல் நகரவில்லை எனினும் அதனைச் சூழ்ந்த நீர் நகரும் என்பதே இக்கருத்தில் விடுபட்டது.

முகப்பில் நீர் ஏறி இறங்கும் முறை
அடர்த்தி வேறுபட்ட இரு நீர்த்திரள்கள் அருகருகே நின்றால், அடர்ந்தது அடியிலும் மற்றது மேலுமாகப் படிய முற்படும். அதனைத் தடுப்பது புவியின் சுழற்சி. அழுத்த வேறுபாட்டால் தள்ளப்படும் நீர், கோரியோலிஸ் விசையால் திருப்பப்பட்டு, முகப்பைக் குறுக்கே கடவாமல் அதன் நீளவாக்கில் ஓடுகிறது. இச்சமநிலை நீடிக்கும்வரை செங்குத்து நகர்வு மிகச் சிறிது.

சுற்றியுள்ள சுழல்கள் முகப்பை இருபுறமும் நெருக்கும்போது நிலை மாறுகிறது. அடர்த்தி வேறுபாடு குறுகிய தொலைவுக்குள் செறிகிறது. நீரோட்டம் அதற்கேற்ப உடன் விரைவுபெற இயலாமையால் சமநிலை குலைகிறது. குலைந்ததை மீட்கும் வகையில் முகப்பின் குறுக்கே இரண்டாம்நிலைச் சுழற்சி ஒன்று தோன்றுகிறது. அதில், அடர்த்தி குறைந்த பக்கத்தில் நீர் மேலெழுகிறது. மிகுந்த பக்கத்தில் அமிழ்கிறது. பல பத்துக் கிலோமீட்டர் அகன்ற சுழல்களில் செங்குத்து வேகம் நாளொன்றுக்கு 10 மீட்டர் அளவினது. 1 முதல் 10 கிலோமீட்டர் வரையிலான குறுகிய முகப்புகளில் அது 100 மீட்டரை எட்டக்கூடும்.

இவ்வமிழ்வு கிணற்றில் கல் விழுவதைப் போன்றதன்று. நீர், சரிந்து கிடக்கும் சம அடர்த்திப் பரப்புகளின் வழியே சறுக்கிச் செல்கிறது. அதன் கிடைவேகம் செங்குத்து வேகத்தைப் போல் நூறு மடங்கோ அதற்கு மேலோ இருப்பதால், 100 மீட்டர் ஆழம் செல்வதற்குள் அது பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. ஆழத்தில் காணப்படும் செல்களின் பிறப்பிடத்தை அதற்கு நேர்மேலே தேடுவது பயன்தராது.

மேலெழும் பக்கத்தின் விளைவு பலரும் அறிந்ததே: நைட்ரேட் முதலிய ஊட்டங்கள் ஒளிமண்டலத்தை அடைகின்றன, உயிரிகள் பெருகுகின்றன. எனினும் சுழற்சி மிக விரைவானதாயின், ஊட்டம் முழுமையாகப் பயன்படுமுன்னரே நீர் மீண்டும் அமிழ்ந்துவிடும். ஆகையால் நீரின் வேகம் கூடுந்தோறும் விளைச்சலும் கூடும் என்று கொள்வதற்கில்லை.

களச்சான்றுகள்
வட அட்லாண்டிக்கில் 2008ஆம் ஆண்டின் இளவேனிற் பெருக்கத்தின்போது நீரடி மிதவூர்திகள் திரட்டிய தரவுகளைக் கொண்டு, மெலிசா ஓமண்ட், அமலா மகாதேவன் உள்ளிட்டோர் 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வொன்றை வெளியிட்டனர். சுழல்சார் அமிழ்வு, சில கடற்பகுதிகளில் இளவேனிற்காலத் துகள்கரிம ஏற்றுமதியின் பாதிவரை ஈடுசெய்யக்கூடும் என்பது அதன் மதிப்பீடு.

அது பெருக்கம் மிகுந்த குளிர்கடல். ஊட்டம் குறைந்த நீரிலும் இவ்வாறு நிகழுமா என்னும் வினாவிற்கு மேற்கு நடுநிலக்கடல் விடையளித்தது. மாரா ஃப்ரைலிக் முதலானோர் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, முகப்புகளிலிருந்து நாக்குப்போல் நீளும் நீர்த்திரள்கள் ஒளிமண்டலத்திற்குக் கீழே ஊடுருவுகின்றன. அவற்றில் பச்சையமும் கரிமமும் ஆக்சிஜனும் அவ்வாழத்திற்கு இயல்பல்லாத அளவில் மிகுந்திருந்தன. செல்களின் வகைத்தொகுப்பு அந்நீர் புறப்பட்ட ஒளிமண்டலப் பகுதியின் தொகுப்பை ஒத்திருந்தது. ஆக்சிஜன் குறையாதிருந்தமை தனிக் கவனத்திற்குரியது. நெடுநாள் இருளில் கிடந்த நீராயின் நுண்ணுயிரிகள் அதைச் செலவிட்டிருக்கும். மேலும், ஊடுருவல்களின் உயிர்த்திரளில் ஒளிச்சேர்க்கை செய்யாத பாக்டீரியாக்களின் பங்கு பெரிதாக இருந்ததால், ‘பச்சையத்தை அளந்தால் போதும்’ என்னும் வழக்கமான நடைமுறை இங்குப் பற்றாது.

கணக்கில் விடுபடுவது
ஆழத்தில் கட்டித் தொங்கவிடப்படும் படிவுப் பொறிகள் மேலிருந்து விழும் துகள்களைச் சேகரிப்பவை. சம அடர்த்திப் பரப்பு வழியே பக்கவாட்டில் வரும் செல்கள் அவற்றுள் சிக்குவதில்லை. முகப்புகள் குறுகியவை என்பதாலும் சில நாள்களில் மறைபவை என்பதாலும் உலகளாவிய காலநிலை மாதிரிகளின் கட்டங்களுக்குள் அவை அடங்குவதில்லை. எனினும் அமிழ்ந்த கரிமம் முழுவதையும் ஆழ்கடலின் வரவில் எழுதுவதும் தவறாகும். நீர் சில நாள்களில் அதே பரப்பு வழியே மேலேறிவிடலாம். குளிர்காலக் கலப்பு எட்டும் ஆழத்திற்குள் தங்கினால், அடுத்த குளிர்காலத்தில் அதன் கரிமம் மேற்பரப்பிற்குத் திரும்பிவிடும். அவ்வெல்லைக்குக் கீழே சென்ற பங்கே ஆண்டுக்கணக்கில் வளிமண்டலத்திலிருந்து விலகி நிற்கும். ஆகவே அளக்கப்பட வேண்டியது அமிழ்வின் வேகம் மட்டுமன்று, அமிழ்ந்த நீர் சென்று நிற்கும் ஆழமும் ஆகும்.