நல்லெண்ணெய் சிக்கடிக்காதிருப்பதன் காரணம்

எள்ளின் நிறையில் ஏறக்குறையப் பாதி எண்ணெயாகும். அவ்வெண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களில் நூற்றுக்குச் சுமார் 40 பங்கு லினோலிக் அமிலம். இவ்வமிலம் ஆகாயத்திலுள்ள பிராணவாயுவை எளிதில் ஏற்றுக் கெடும் சுபாவமுடையது. கடலை யெண்ணெயில் இது பெரும்பாலும் இதனினும் குறைவு. அவ்வாறிருந்தும், நல்லெண்ணெயே நெடுநாள் கெடாமலிருக்கின்றது. இதன் காரணத்தை அறிதல் எள் பயிரிடுவோருக்கும் எண்ணெய் சேமிப்போருக்கும் பிரயோஜனமாகும்.

எண்ணெயின் ஒரு மூலக்கூறு ஹைட்ரஜன் அணுவொன்றை இழந்தால், பிராணவாயு அவ்விடத்தில் பற்றிக்கொள்கின்றது. அவ்வாறு மாறிய மூலக்கூறு தன் பக்கத்திலுள்ளதனிடமிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கின்றது. ஒரு வைக்கோற் போரிலிருந்து மற்றொரு போருக்குத் தீ தாவுவது போல் இக்கேடு பரவுகின்றது. முடிவில் உண்டாகும் சிறு பதார்த்தங்களே சிக்கு நாற்றத்திற்குக் காரணம்.

இத்தொடரை அறுப்பவை பீனால்கள். ஆறு கரி அணுக்களாலான வளையத்தில் பிராணவாயு அணுவும் அதனுடன் ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்திருப்பதே பீனால். அது தன் ஹைட்ரஜனை எளிதில் ஈந்துவிடும். அதனால் நேரும் குறையை வளையம் முழுவதும் பகிர்ந்து தாங்குவதால், தான் வேறொன்றைத் தாக்குவதில்லை.

ஆயினும் எல்லாப் பீனால்களுக்கும் ஒரே சக்தியில்லை. இத்தகைய இரண்டு தொகுதிகள் வளையத்தில் அடுத்தடுத்தோ நேரெதிராகவோ அமைந்தால் சக்தி மிகும். ஓரிடம் விட்டு அமைந்தால் குறையும். அந்த ஹைட்ரஜன் இருக்குமிடத்தில் வேறு தொகுதி பிணைந்து விட்டாலோ, இவ்வழியிற் பயனில்லை.

எள்ளிலுள்ள மூன்று வஸ்துக்கள் இதற்குத் தக்க உதாரணம். செசாமின் என்பதில் பீனால் தொகுதி கிடையாது. செசாமோலினில் அத்தொகுதியின் பிராணவாயு வேறொரு பகுதியுடன் பிணைந்து மூடப்பட்டிருக்கின்றது. வறுக்கும்போதோ திராவகம் சேரும்போதோ அப்பிணைப்பு அறுந்து செசாமோல் வெளிப்படும். இதிலுள்ள பீனால் தொகுதி கட்டற்றது. அதற்கு நேரெதிரில் மற்றொரு பிராணவாயு அணுவும் துணை நிற்கின்றது. வறுத்த எள்ளின் எண்ணெய் நன்கு நிலைப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

உப்புத் திராவகமும் பர்பூராலும் சேர்த்தால் நல்லெண்ணெய் சிவப்பதும் செசாமோலினாலேயே. இதனைக் கருதி, நெய்யிற் கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் பொருட்டு, வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டுமென்று இந்தியாவில் நெடுங்காலம் விதி இருந்தது.

பீனால்கள் காவல் புரியுந்தோறும் செலவாகி விடும். அவை தீர்ந்தபின் எண்ணெய் விரைவிற் கெடும். ஆகவே அவற்றை வீணாகச் செலவிடாதிருத்தலே சேமிப்பின் இரகசியம். எண்ணெயை வெயில் படாத குளிர்ந்த இடத்தில், வாய் வரை நிரப்பி, இறுக மூடி வைத்தல் வேண்டும். தாமிரம் கேட்டைத் துரிதப்படுத்துமாதலால், ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் ஆகா. பழைய எண்ணெயின் அடிவண்டல் உள்ள பாத்திரத்தில் புதிய எண்ணெயை ஊற்றுதல் கூடாது. பழையதன் கேடு புதியதன் காவலையும் தின்றுவிடும்.