புற்றுநோயைச் சுட்டும் பிறபொருளெதிரிகள்

உடலினுள் அந்நியப் பொருளொன்று புகுமாயின், அதனை எதிர்த்தற்கெனக் குருதியின் வெண்கலங்களுட் சில ஒருவகைப் புரதத்தை ஆக்குகின்றன. அதுவே பிறபொருளெதிரி எனப்படும். பூட்டுக்கேற்ற திறவுகோல் போன்று அது தனக்குரிய பொருளைத் தேடிப் பற்றும். எனினும், உடல் பலவகைப் பிறபொருளெதிரிகளைக் கலந்தே ஆக்குவதால், ஒரு வகையை மட்டும் வேண்டிய அளவு பெறுதல் நெடுங்காலம் இயலாதிருந்தது.

1975ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகரத்தில் சேசார் மில்ஸ்டீன், ஜோர்ஜ் கோலர் ஆகிய இருவரும் இதற்கு வழி கண்டனர். பிறபொருளெதிரியை ஆக்கும் சுண்டெலியின் மண்ணீரற் கலம் ஆய்வுகூடத்தில் விரைவில் மடிந்துவிடும். புற்றுக்கலமோ முடிவின்றிப் பெருகும். இவ்விரண்டையும் அவர்கள் ஒன்றாக இணைத்தபோது, முன்னதன் ஆற்றலும் பின்னதன் ஆயுளும் ஒருங்கே வாய்ந்த கலப்புக் கலம் பிறந்தது. அத்தகைய ஒரு கலத்தைப் பிரித்தெடுத்து வளர்த்தால், அதன் வழிவந்தவை யாவும் ஒரே வகையையே ஆக்கும். இதுவே மொனோகுளோனல் பிறபொருளெதிரி. இதன் பொருட்டு அவ்விருவரும் நீல்ஸ் ஜேர்ன் என்பாருடன் 1984இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

புற்றுக்கட்டியிலிருந்து குருதியிற் கலந்து அதன் இருப்பைச் சுட்டும் பொருள்களைக் கண்டறிய இவை பெரிதும் உதவின. 1981இல் அமெரிக்காவில் றொபேட் பாஸ்ட் குழுவினர், சூலகப் புற்றுக்கலங்களைப் பற்றும் பிறபொருளெதிரியொன்றை வெளியிட்டனர். அது பற்றும் புரதம் சீ.ஏ. 125 எனப்படுகிறது.

அதனை அளக்குமிடத்து, பிறபொருளெதிரி பதித்த பரப்பின்மீது குருதித் தெளியம் இடப்படும். தேடும் புரதம் அதிற் சிக்க, ஏனையவை கழுவி நீக்கப்படும். பின்னர் நிறமூட்டும் நொதியத்தை ஏந்திய பிறபொருளெதிரி சேர்க்கப்படும். அதுவும் அப்புரதத்தையே பற்றுமாதலால், நிறத்தின் செறிவு புரதத்தின் அளவைக் காட்டும்.

1983இல் வெளிவந்த ஆய்விலே, சூலகப் புற்றுநோயாளர் 101 பேருள் நூற்றுக்கு 82 பேர் வீதம் மில்லிலீற்றருக்கு 35 அலகு என்னும் எல்லையைக் கடந்திருந்தனர். நலமுள்ளோரிற் கடந்தவர் நூற்றுக்கு ஒருவரே. எனவே இச்சோதனை ஒன்றே போதுமென எண்ணத் தோன்றும். ஆனால், பத்தாயிரம் பெண்களுள் நால்வருக்கே நோய் உள்ளதெனக் கொள்வோம். சோதனை அவருள் மூவரைக் காட்டும். நலமுள்ள நூறு பேரையும் அவர்களுடன் சேர்த்துக் காட்டும். பிறபொருளெதிரி அறிவது புரதத்தையே, நோயையன்று. கருப்பம், மாதவிடாய், கருப்பையின் உள்மடல் வேறிடத்தில் வளரும் நோய் ஆகியவற்றிலும் அப்புரதம் மிகுவதுண்டு. பிரித்தானியாவில் 200,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடத்தப்பெற்ற பேராய்வு, நோய்க்குறியற்றோரை ஆண்டுதோறும் சோதித்ததால் சூலகப் புற்றுநோய் மரணங்கள் குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை என 2021இல் காட்டியது.

இதனாற் சோதனை பயனற்றதாகிவிடாது. சிகிச்சை பெறுவோரிடம் இவ்வளவு தொடர்ந்து வீழ்தல் பெரும்பாலும் மருந்தின் பயனையும், மீண்டும் ஏறுதல் நோயின் மீள்வரவையும் உணர்த்தும். ஆதலின், 35ஐக் கடந்த எண்ணொன்றைக் கண்ட மாத்திரத்தே நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை; குறைந்த எண்ணை நம்பி, நீடிக்கும் வயிற்றுப் பொருமலையும் வலியையும் புறக்கணித்தலும் ஆகாது. இரண்டையும் ஆராய்ந்து முடிவு கூறுதல் வைத்தியரின் பணியாகும்.