தாய்ப்பால் ஊற பூண்டு, பால் சுறா, லேகியம்: எது கைகொடுக்கும்? எதில் ஆபத்து?

அம்பத்தூர்,-

"புள்ளைக்கு பால் பத்தலை போலிருக்கே..."

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பிரசவம் முடிந்து வீடு திரும்பும் பெண்களின் காதில் முதல் வாரத்திலேயே விழும் பேச்சு இது. குழந்தை நாலு தடவை வீல் என்று கத்தினால் போதும். மாமியார் பூண்டு உரிக்க உட்கார்ந்து விடுவார். அம்மா வீட்டில் இருந்து சுறா புட்டு வரும். நாட்டு மருந்து கடையில் லேகியம் வாங்க வீட்டுக்காரர் ஓடுவார். அப்படியும் அழுகை நிற்காவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் பால் பவுடர் டப்பா வாங்கி வந்து விடுவார்கள். பல வீடுகளில் தாய்ப்பால் நிற்பது இந்த இடத்தில்தான்.

தமிழ்நாட்டில் இப்போது 100-க்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. ஆனால் 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் 100-க்கு சுமார் 60 பேர்தான். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் சுமார் 55 சதவீதம்.

பால் எப்படி ஊறுகிறது?

குழந்தை மார்பில் வாய் வைத்து சப்பும்போது தாயின் மூளைக்கு தகவல் போகிறது. அங்கிருந்து புரோலாக்டின், ஆக்சிடோசின் என்று 2 ஹார்மோன்கள் சுரக்கின்றன. முதலாவது பாலை உற்பத்தி செய்கிறது. இரண்டாவது அதை வெளியே தள்ளுகிறது.

கிணற்றில் இறைக்க இறைக்க தண்ணீர் ஊறுவது போலத்தான் இதுவும். குழந்தை எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு ஊறும். மார்பில் பால் தேங்கி நின்றால், "இனி வேண்டாம்" என்று உடம்பு குறைத்துக் கொள்ளும். ராத்திரியில் புரோலாக்டின் அதிகமாக சுரக்கும் என்பதால் ராத்திரி பால் கொடுப்பதை நிறுத்தவே கூடாது.

பயம், கவலை, வலி, தூக்கமின்மை இருந்தால் ஆக்சிடோசின் தடைபடும். "உனக்கு பாலே இல்லை" என்று சுற்றி இருப்பவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தால், இருக்கிற பாலும் இறங்காமல் போகலாம்.

முதல் 2, 3 நாட்களில் வருவது மஞ்சள் நிற சீம்பால். ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு ஸ்பூன் அளவுதான் வரும். அப்போது குழந்தையின் வயிறும் அவ்வளவு சின்னது. இதைப் பார்த்து "பால் இல்லை" என்று சர்க்கரை தண்ணீர், கழுதைப்பால் புகட்டுவது பெரிய தவறு. சீம்பாலை பீய்ச்சி கீழே கொட்டுவதும் தவறு. அதில்தான் நோய் எதிர்ப்பு சக்தி அதிகம்.

பூண்டு, வெந்தயம்

பாலில் வேக வைத்த பூண்டு நம் ஊரில் காலங்காலமாக கொடுக்கப்படுகிறது. இது பற்றி அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வு 1991-ல் வெளியானது. தாய் பூண்டு சாப்பிட்டால் பாலில் அந்த வாசனை வருவதும், அப்போது குழந்தை கூடுதல் நேரம் மார்பில் இருப்பதும் அதில் தெரிந்தது. அதிகமாக பால் குடித்தது உறுதியாகவில்லை. சமையலில் சேர்க்கும் அளவு பூண்டால் கெடுதல் இல்லை.

வெந்தயத்தை கஞ்சியிலோ களியிலோ சேர்க்கலாம். ஆனால் பொடியாக, மாத்திரையாக அதிகம் எடுத்தால் வயிற்றுப்போக்கு வரலாம். சர்க்கரை அளவை குறைக்கும் என்பதால் சுகர் மாத்திரை சாப்பிடுபவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

பால் சுறா

பால் சுறாவுக்கு ஆங்கிலத்திலும் "மில்க் ஷார்க்" என்றுதான் பெயர். அதை சாப்பிட்டால் தாய்ப்பால் ஊறும் என்ற இந்திய நம்பிக்கையில் இருந்தே அந்தப் பெயர் வந்தது. மீனில் புரதம் இருக்கிறது, உடம்புக்கு தெம்பு. பால் ஊறும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

பெரிய சுறாக்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். பால் கொடுக்கும் தாய்மார்கள் சுறாவை தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க அரசின் அறிவுரை. நெத்திலி, மத்தி, காரப்பொடி போன்ற சின்ன மீன்களில் இந்த பயம் குறைவு, விலையும் கட்டுப்படியாகும்.

அரசே கொடுத்த லேகியம்

2015-ல் தொடங்கிய அம்மா குழந்தைகள் நல பரிசு பெட்டகத்தில் 16 பொருட்கள் இருந்தன. அதில் தாய்க்கான சௌபாக்கிய சுண்டி லேகியமும் ஒன்று. கர்ப்பிணிகளுக்கான அம்மா மகப்பேறு சஞ்சீவி பெட்டகத்தில் இடம் பெற்ற 11 சித்த மருந்துகளில் சதாவரி லேகியமும் இருந்தது. சதாவரி என்பது தண்ணீர்விட்டான் கிழங்கு.

சதாவரி பற்றி 1996-ல் வெளியான இந்திய ஆய்வில் பலன் தெரியவில்லை. 2011-ல் வெளியான இன்னொரு ஆய்வில் பலன் தெரிந்தது. உலகம் முழுவதும் நடந்த 41 ஆய்வுகளை அலசி 2020-ல் வெளியான அறிக்கையும், இயற்கை மருந்துகளால் பால் கூடலாம், ஆனால் ஆதாரம் மிக பலவீனமானது என்றே சொல்கிறது.

லேகியம் சாப்பிட விரும்பினால் அரசு மருத்துவமனை சித்த மருத்துவரிடம் கேட்டு சாப்பிடலாம். லேபிள் இல்லாத பொட்டலத்தை நம்பி வாங்க வேண்டாம்.

மாத்திரையில் உஷார்

வாந்திக்கு கொடுக்கும் டோம்பெரிடோன் மாத்திரையை பால் ஊறவும் சிலர் சாப்பிடுகிறார்கள். இது புரோலாக்டினை கூட்டும் என்பது உண்மை. ஆனால் இதயத் துடிப்பில் கோளாறு வரலாம் என்று 2004-லேயே அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. பக்கத்து வீட்டுப் பெண் சாப்பிட்டார் என்று மெடிக்கலில் கேட்டு வாங்குவது ஆபத்து.

மல்லிகைப்பூவை மார்பில் கட்டினால் பால் வற்றும் என்று பாட்டிகள் சொல்வது உண்டு. இதை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்து 1988-ல் ஆய்வு வெளியிட்டார்கள். பூ வைத்தவர்களுக்கு புரோலாக்டின் குறைந்து பால் வற்றியது. பால் கட்டிக்கொண்டது என்று மல்லிகைப்பூ வைக்க நினைப்பவர்கள் இதை கவனிக்க வேண்டும்.

பால் பத்துகிறதா? கண்டுபிடிப்பது எப்படி?

அழுகையை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. 5 நாட்களுக்கு பிறகு குழந்தை ஒரு நாளில் 6 தடவையாவது சிறுநீர் கழித்தால் பால் பத்துகிறது என்று அர்த்தம். பிறந்த உடன் எடை கொஞ்சம் குறையும். 2 வாரத்துக்குள் பிறந்தபோது இருந்த எடைக்கு வந்துவிட வேண்டும். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடை போட்டுப் பார்க்கலாம்.

சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, எடை ஏறாவிட்டாலோ லேகியத்துக்காக காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். 104 என்ற இலவச போனிலும் ஆலோசனை கேட்கலாம்.

உண்மையான மருந்து என்ன?

* ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டும்.

* காம்பு மட்டும் அல்லாமல் கருவட்டமும் குழந்தையின் வாய்க்குள் போக வேண்டும். இது சரியாக இல்லாததால்தான் பலருக்கு காம்பில் புண், பால் குறைவு. ஆஸ்பத்திரி நர்சிடம் காட்டினால் சரி செய்து கொடுப்பார்.

* பால் கொடுக்கும் தாய்க்கு முதல் 6 மாதம் வழக்கத்தைவிட தினமும் 600 கலோரி கூடுதலாக தேவை. பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைக்கக்கூடாது. முருங்கைக்கீரை, முட்டை, பருப்பு, மீன், வேர்க்கடலை எல்லாம் சாப்பிடலாம்.

* 6 மாதம் வரை குழந்தைக்கு தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பாலிலேயே போதுமான தண்ணீர் இருக்கிறது.

* புட்டிப்பால் ஒரு வேளை கொடுத்தால், அந்த வேளை மார்பில் சப்புவது குறையும். மறுநாள் ஊறுவதும் குறையும்.

வேலைக்கு போகும் பெண்கள்

அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களுக்குத்தான் இதில் சிக்கல் அதிகம். முதல் 2 பிரசவத்துக்கு மகப்பேறு விடுப்பு 2017-ல் 26 வாரமாக உயர்த்தப்பட்டது. வேலைக்கு திரும்பிய பிறகும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் 2 முறை பால் கொடுக்க இடைவேளை தர வேண்டும். 50 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். இது சலுகை அல்ல, சட்டம் தரும் உரிமை.

ஷிப்டுக்கு போகும் முன்பு சுத்தமான பாத்திரத்தில் பாலை பீய்ச்சி வைக்கலாம். வெளியில் 4 மணி நேரம், பிரிட்ஜில் 24 மணி நேரம் வைத்திருக்கலாம். வெயில் காலத்தில் வெளியில் வைப்பதை தவிர்ப்பது நல்லது. பாலை சங்கிலோ ஸ்பூனிலோ புகட்ட வேண்டும், அடுப்பில் வைத்து சூடாக்கக்கூடாது.

2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடர், பால் புட்டி ஆகியவற்றை விளம்பரம் செய்ய 1992-ம் ஆண்டு சட்டமும் அதன் 2003-ம் ஆண்டு திருத்தமும் தடை விதித்துள்ளன என்பது குறிப்பிடத்தக்கது.